புத்தகத்தில் விழுந்த சாவு

கதைப் புத்தகத்தில் செத்துப்போன ஒருத்தனுக்காக என் மாமா ஒரு நாள் கடலுக்குப் போகவில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் கண்ணால் பார்த்தவள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரோடு ஒரே படகில் மீன்பிடிக்கப் போன சிநேகிதர் தோஸ்து மாமா. அவருக்கு அப்பா, அம்மா, பெண்டாட்டி யாரும் கிடையாது; காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. படகு வாடகைப் படகு. சொந்தமாக ஒன்று வாங்கி இரண்டு பேரும் போகவேண்டும் என்பது பத்து வருஷப் பேச்சு. அந்த மாதம் மாமாவுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்துவிட்டது; சேர்ந்தால் தோஸ்து மாமாவோடு கடலுக்குப் போகமுடியாது. "அவன்கிட்ட சொல்லிட்றா" என்று அம்மா தினமும் நச்சரிப்பாள். "சொல்றேங்க்கா" என்பார், சொல்லமாட்டார்.

நான் அப்போது ஏழாவது. மத்தியானத்தில் இரண்டு பேரும் கிழிந்த வலையைத் தைக்கும்போது, நூலகத்தில் எடுத்த ஒரு பழைய நாவலைச் சத்தமாகப் படிப்பேன். ஊர் ஊராகப் போய்க் கூலிவேலை செய்யும் இரண்டு சிநேகிதர்கள், என்றைக்காவது ஒரு துண்டு நிலம் வாங்கிச் சேர்ந்து இருக்கப்போவதாகப் பேசிப் பேசியே நாளை ஓட்டுகிற கதை. நிலம் வருகிற பக்கத்தைத் தோஸ்து மாமா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். "நெலத்த வுட்டுட்டு போட்டுன்னு படி பாப்பா." நானும் நிலம் என்று வருகிற இடத்திலெல்லாம் படகு என்று மாற்றிப் படிப்பேன்.

கதையின் கடைசியில் அந்த இரண்டு பேரில் ஒருத்தன் செத்துப்போனான். நிலமும் இல்லை. தைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

"இன்னொருத்தன் இன்னா ஆனான்?" என்றார் தோஸ்து மாமா.

"தெரியல. புக்கு முடிஞ்சிபோச்சி."

"ஒண்டியா இன்னா பண்ணுவான் அவன்?" என்னிடம் இல்லை, மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா வலையைச் சுருட்டினார்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. மறுநாள் விடிந்தும் இரண்டு பேரும் வீட்டிலேயே இருக்க, அம்மா பதறிப்போய், "யார்ரா செத்தது?" என்றாள்.

"பாப்பா புக்குல ஒர்த்தன் பூட்டான்க்கா" என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா, காகிதத்தில் இருந்த ஆளுக்காக ஒரு படகே நிற்குமா என்று வாயைப் பிளந்தேன்.

அன்று காலை முழுக்க இருவரும் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா யார்டு வேலையைச் சொன்னது அப்போதுதான் என்று அம்மா பின்னால் சொன்னாள். சோற்றுக்கு வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. தோஸ்து மாமா என் தலையைத் தடவி, "நல்லா படிச்ச பாப்பா" என்றார். அழவைக்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன் என்ற பெருமையில், இதைவிடச் சோகமான புத்தகம் ஒன்று எடுத்துவர நூலகத்துக்கு ஓடினேன்.