எர்மிந்தா பரிந்துரைத்த புத்தகம்

எர்மிந்தா கார்கமோ எங்கள் நூலகத்தின் பின்னறையில் முப்பத்தொரு வருடம் கிழிந்த புத்தகங்களைத் தைத்தாள். சிலோவே தீவில் மழை விடுகிற நாள் குறைவு. எங்கள் கூரையும் ஒழுகும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். முன்மேசையில் இருந்த நானும் காவலாளி குஸ்தோதியோவும் நான்கு மணிக்கு விறகடுப்பருகே உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சுவோம். அவள் சுடுதண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கல்யாணம் ஆகவில்லை. கூட இருந்த அண்ணன் ஆட்டுப்பண்ணை வேலைக்கென்று தெற்கே பனி கொட்டுகிற பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

ஒரு மே மாதம், புதிதாக வந்த நூலகத் தலைவர் ஃபபியான் எங்களைக் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து வைங்க. ஏன் பிடிச்சுதுன்னு நாலு வரி, சொந்தக் கையெழுத்துல. வாசல்கிட்ட தனி அலமாரி போட்டிருக்கேன்."

குஸ்தோதியோ உருளைக்கிழங்கு நோய்களைப் பற்றிய கையேட்டை வைத்தார்.

"என்ன மனுஷன்யா நீங்க!" என்றேன்.

"சிரி, சிரி. உன் துப்பறியும் கதையப் படிச்சா கிழங்கு விளையுமா?"

மறுநாளே ஒரு விவசாயி அதை எடுத்துப் போய்விட்டார். என் துப்பறியும் கதைக்கு நாலு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எர்மிந்தா வைத்தது மெல்லிய பழுப்பு அட்டைப் புத்தகம். ஆட்டுப்பண்ணை ஒன்றில் சமையல்காரியாக இருந்தவள் எழுதிய குறிப்புகள். கூடவே சீட்டு: "பாதி வரை சமையல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு பனி பெய்யும். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும் போலிருக்கும்."

மூன்று வாரம் யாரும் தொடவில்லை. பசை வேண்டும், நூல் வேண்டும் என்று அவள் ஏதாவது சாக்கில் முன்னால் வருவாள். கண் மட்டும் அலமாரிக்குப் போகும். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் புத்தகத்தை என் தங்கை பெயரில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், மழைக்கோட்டு மாட்டும் மூலையில் போட்டேன்.

மறுநாள் அலமாரியில் இருந்த காலி இடத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாரு எடுத்தாங்க நெல்தா?"

"என் தங்கச்சிதான்க்கா. சீட்டைப் படிச்சதுமே எடுத்துக்கிட்டா."

அன்றைக்கு நான்கு மணிக்கு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். ஒரு நாள் ஆப்பிள் அப்பம் சுட்டுக் கொண்டுவந்தாள். குஸ்தோதியோவின் கிண்டலுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எப்போதும் கடைசியில் அதே கேள்விதான்: "தங்கச்சி முடிச்சிட்டாளா?"

தவணையை இரண்டு முறை நீட்டினேன். பிறகு, பொய்யை ஒழுங்காக முடித்துவிடலாம் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"படிச்சிட்டாக்கா. கடைசி பக்கத்துல அழுதுட்டாளாம்."

எர்மிந்தா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கடைசி பக்கத்துலயா?"

"ஆமாக்கா."

"அதுல கடைசி இருபது பக்கம் இல்ல நெல்தா. ஈரத்துல ஊறிப் போயிடுச்சு. வேற பிரதி கிடைக்கல. வெள்ளைத் தாள் வச்சுத் தச்சிருக்கேன்."

குஸ்தோதியோ அடுப்பில் விறகைத் தள்ளுவதுபோலக் குனிந்துகொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அக்கா, நீங்க வருத்தப்படக் கூடாதேன்னுதான்..."

"தெரியுது. அத சீட்டுல எழுதியிருக்கணும். வேணும்னே விட்டுட்டேன். படிக்கிறவங்க முடிவு கேட்டு என்கிட்ட வருவாங்கல்ல. நான் ஊறுறதுக்கு முந்தியே முழுசாப் படிச்சவ. சொல்லலாம்னு காத்துட்டிருந்தேன்."

எழுந்து போய்த் தன் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க மழை. புத்தகத்தை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் வரியிலிருந்து படித்தேன். ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட, ஒரு நொண்டிக் குதிரையோடு அந்தப் பெண் பனியில் தனியாக மாட்டிக்கொண்ட இடத்தில் எழுத்து நின்றது. அதற்கு மேல் வெள்ளைத் தாள். ஒவ்வொரு தாளும் அளந்து வெட்டி, ஒரு நூல்கூடப் பிசகாமல் தைத்திருந்தது.

பின்னறைக் கதவருகே போய் நின்றேன்.

"அக்கா, அவளைத் தேடி யாராவது வந்தாங்களா இல்லையா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தக் கேக்குறியா?"

"இல்லக்கா. ராத்திரி தூக்கமே வரல."

நூலை முடிச்சுப் போட்டு அறுத்தாள். பிறகு சொன்னாள்: "வசந்தத்துல ஒருத்தன் ஆடு எண்ண வந்தான். 'இங்க வேற யார் இருக்கா'ன்னு கேட்டான். நாலு மாசம் பேசாததால அவளுக்குக் குரலே எழும்பல. வாயத் தொறந்ததும் வந்த மொத சொல்லு 'உட்காருங்க'. அவன் உட்காரல. எண்ணிட்டுப் போயிட்டான்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கப்புறம் அவ ஊருக்கு வர்ற வழி. பன்னெண்டு பக்கம். ஒண்ணுமில்ல, நடக்குறா."

அந்த ஒரு முறைதான் சொன்னாள். ஃபபியான் அடுத்த புத்தகம் கேட்டபோது, தைக்கிற வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நான்கு மணிக்கு அவள் நாற்காலி காலியாகவே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றாள். கேக் வெட்டினோம், பதிவேட்டில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். குன்றின் மேல் தனியாக இருக்கிறாள். சந்தையில் பார்த்தால் நின்று கிழங்கு எப்படி என்று கேட்பாள். வீட்டுக்கு வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானாகவும் இதுவரை போகவில்லை.