மணி அடித்தாயிற்று என்று நம்பிய இயந்திரம்

எங்கள் ஊரில் இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான் பூசை. சந்தனம், குங்குமம், பொரி, அத்தோடு சரி. இங்கே மலாய் நாட்டுக் கெடாவில், பாடாங் மேஹா பக்கம் நான் வேலை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலையில், தினமும் காலை அம்மன் படத்துக்கு முன்னால் மணி அடித்த பிறகுதான் குலைகளை ஏற்றும் பெல்ட் நகரும். பக்தியில் சொல்லவில்லை, பெல்ட்டை ஓட்டும் நிரலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் அம்மன் மணியைக் கணினி அட்டை ஒன்றோடு இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மணியை அடி, அடித்து முடிந்ததா என்று பார், பிறகு பெல்ட்டை ஓட்டு. இடி விழுந்து அந்த அட்டை எரிந்து பல வருடமாகிறது. அன்றிலிருந்து பெல்ட்டைக் கவனிக்கும் கல்யாணி அக்கா கையாலேயே மணி அடிக்கிறார். அதைக் கேட்டுத்தான் பெல்ட் ஓடுகிறது என்பது அவர் நம்பிக்கை.

அந்த நிரல் ஓடும் கிழட்டுக் கணினி சாகக் கிடந்ததால்தான் என்னை வரவழைத்தார்கள். புதுக் கணினிக்குள் பழையதைப் போலவே நடிக்கும் ஒரு மெய்நிகர்க் கணினியை நான் உருவாக்க வேண்டும்; இடம் மாறியதே பழைய நிரலுக்குத் தெரியக் கூடாது. முடித்தால் ஒரு மாத விடுப்பு. கோவில்பட்டியில் என் மகள் யாழினிக்கு ஒன்றரை வயது. மூன்று மாதக் குழந்தையாகத் தூக்கியதோடு சரி. பாக்கார் ஆராங்கில் என் வாடகை வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கடைசி வாரம் வேலைக்குப் போனேன்.

நிரலுக்கு ஒவ்வொரு கருவியும் ஒரு முகவரி. நினைவகத்தைப் போலவே அங்கே எழுதும், அங்கிருந்து வாசிக்கும். மணியின் முகவரியிலோ இப்போது யாருமில்லை. ஆளில்லாத முகவரியைத் தொட்டால் பிழை என்று கத்தி அங்கேயே நிறுத்து என்பது சென்னையில் என் முதல் வேலையில் திட்டு வாங்கிக் கற்ற பாடம். அப்படியே செய்திருந்தேன். முதல் நாள் மணியைத் தேடிய இடத்திலேயே எல்லாம் படுத்துவிட்டது. மலாய்க்கார மேலாளரிடம், அந்த முகவரியில் கருவி இல்லை என்றேன். யார் எடுத்தது என்று கேட்டார். எவ்வளவோ விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, ஸ்டோரில் தேடச் சொல்லிக் காவலாளியை அனுப்பினார். அரை மணி கழித்துக் காவலாளி வந்து "தா அடா", இல்லை என்று துக்கம் விசாரிக்கும் முகத்தோடு சொல்லி, தேடியதற்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கொஞ்சம் இறங்கி வந்தேன். ஆளில்லாத இடத்தில் எழுதினால் கண்டுகொள்ளாதே, வாசித்தால் பூச்சியம் கொடு. நிரலைப் பொறுத்தவரை பூச்சியம் என்றால் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது மரியாதையாகக் காத்திருந்தது. அக்கா மறுபடி அடித்தார், மறுபடியும் அடித்தார். வெளியே குலை லாரிகள் வரிசையில் நின்றன. ஒரு நாள் போனால் எண்ணெய் கெட்டுவிடும். அக்கா நேற்று கவிச்சி ஏதும் சாப்பிட்டாரா என்று ஒரு டிரைவர் விசாரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நான் சரியாத்தான் அடிச்சேன் லா, தம்பி. ஒங்க கம்பியூட்டருக்குத்தான் காது கேக்கல," என்றார் அக்கா.

பழைய கணினியைக் கெஞ்சி உசுப்பிப் பார்த்தேன். ஆளில்லாத முகவரியை வாசித்தால் அதில் எல்லா இலக்கமும் 1 என்றே வந்தது. இழுக்க ஆளில்லாத கம்பிகள் அப்படித்தான் நிமிர்ந்து நிற்கும். நிரலோ அதை, அடித்து முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடமும் பூசையை முடித்து வைத்தது வெறும் காலி இடம். நானும் அதே பதிலைக் கொடுக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் அக்கா அடித்தார், பெல்ட் ஓடியது. "நேத்து மணியப் புளி போட்டுத் தேச்சேன். பாத்தீங்களா, கேட்டுருச்சு," என்றார். நான் ஆமாம் என்றேன்.

கோவில்பட்டியில் யாழினி என்னைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து, அணைந்திருந்த திரையைத் தட்டி, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா தங்கம்" என்றேன். திரும்பவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கொஞ்சம் வெளில போய்க் கூப்பிடுங்களேன்," என்றாள் என் மனைவி.

செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், துவைகல் மேல் உட்கார்ந்து வீடியோ காலில் வந்தேன். யாழினி திரையில் முத்தம் கொடுத்தாள். அவள் சிரிப்பு கைப்பேசியில் கேட்பதற்கு முன்பே சன்னல் வழியாகக் கேட்டது.