போர் மோட்டார் தூக்கும் ஸ்டாண்டில் என் கார் இன்ஜின்

"வண்டிய எடைக்குப் போட்டுடும்மா" என்று மெக்கானிக் சொன்ன நிமிடமே எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

சித்தூரில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி, குடிபாலாவில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினேன். திங்கட்கிழமை என்னோடு மூன்று பெண்கள் அந்தக் காரில்தான் திருப்பதிக்கு வேலைக்கு வர வேண்டும்.

நைனா, அதாவது என் அப்பா, முப்பது வருடமாகப் போர்வெல்லிலிருந்து மோட்டார் தூக்குகிறவர். அதே மூன்று கால் ஸ்டாண்டை இன்று காலை காருக்கு மேல் நிறுத்தி, செயினை இழுத்தார். கெட்டுப்போன இன்ஜின் அழகாக மேலே வந்தது.

"நைனா, இன்ஜின கீழ இறக்க இப்ப கார பின்னால தள்ளணும்."

அப்போதுதான் இருவரும் குனிந்து பார்த்தோம். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தோம். கார் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

"போர்ல மோட்டார் தூக்கனா பள்ளத்தையா தள்ளிக்கினு போறோம்?" என்று என்மேலேயே பாய்ந்தார்.

இன்ஜினை அப்படியே தொங்கவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரங்களைத் திரும்ப மாட்டினோம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தார். "நீள்ளு பட்டாயா அன்னா?" தண்ணீர் வந்ததா என்று தெலுங்கில் கேட்கிறாராம்.

வாங்கிவந்த இன்ஜின் சாயங்காலம் உள்ளே இறங்கியது. சாவியைத் திருப்பினேன். மூன்றாவது தடவை ஸ்டார்ட் ஆனது.

நைனா நேரே மதிலோரம் போய்க் கத்தினார்: "பட்டாயி!"

திங்கட்கிழமை வரப்போகும் மூவரும் இதைப் படித்துவிட்டு பஸ் நேரம் விசாரிக்காதீர்கள். தள்ளுவதற்கு வசதியான செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் போதும்.