ஸ்கூட்டரில் கட்டி வளர்த்த நாய் அல்ல அது

நீங்கள் எழுதியிருப்பது பொய். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் தலைவர் என்று படம் போட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமாவின் அல்சேஷன் நாயைத் தினமும் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடவிட்டுத்தான் அதற்குத் தம் வந்ததாம். ஓட்டத்துக்கு முன்னால் வயிறு நிறையப் போட்டால் தெம்பு கூடுமாம். இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் தங்கள் நாய்களை அப்படிப் பழக்கக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் மலையாளத்தில் எழுதினீர்கள். எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த நாயை நடத்தினவள் நான். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் நானும் என் வீட்டுக்காரரும் துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தோம். அவருக்குக் கரி இஸ்திரிப்பெட்டி, எனக்கு நடை. விடிந்ததும் மூட்டையைத் தலையில் ஏற்றினால் ஒரு நாள் போர்ட் கொச்சி வீடுகள், மறுநாள் தோப்பும்படிப் பக்கம். உங்கள் மாமாவும் எங்கள் வாடிக்கை. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் பாசத்தை எல்லாம் நாயின் தட்டில் கொட்டினார். காலையில் பிஸ்கட், மதியம் ஹோட்டல் பொரோட்டாவும் பீஃப் வறுவலும், சாயங்காலம் அவருடைய சாயாவில் பாதி. நாலே வயதான நாய் மூன்று படி ஏறுவதற்குள் ஒரு தடவை உட்காரும்.

ஒரு நாள் துணி கொடுக்கப் போனபோது அவர் முகமே சரியில்லை.

"எடீ, டாக்டர் சொல்லிட்டார். இவன் இப்படியே இருந்தா ஒரு வருஷம் தாங்கமாட்டான். நீ எந்நாளும் நடக்கிறவளல்லே? இவனையும் கூட்டிட்டுப் போ."

"நடத்துறேன் சார். ஆனா சாப்பாடும் நான் சொல்றதுதான். பொரோட்டா நிப்பாட்டணும்."

"அது பாவமல்லே?"

"பாவம் பார்த்துத்தான் இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க."

அவர் சங்கிலியை என் கையில் கொடுத்தார்.

முதல் வாரம் சந்து முனை வரைக்கும்தான். அதற்கே நாக்கு தரையைத் தொட்டது. நான் அதனிடம் கற்றது ஒன்றுதான்: அது நிற்பதற்கு முன்னால் நாம் நிறுத்திவிட வேண்டும். களைத்து விழுந்தபின் நிறுத்தினால் மறுநாள் சங்கிலியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று அது என்னைப் பார்க்கும்போதே திருப்பிவிடுவேன். அடுத்த வாரம் ஒரு மின்கம்பம் கூடுதல். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு. வெயில் ஏறுவதற்குள் வீட்டில் விட்டுவிட்டு, பிறகு மிச்சத் துணியைக் கொடுக்கப் போவேன். மழைக்காலத்தில் இஞ்சிக் கிடங்கின் நீளமான தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்போம். அந்த நெடியில் அது தும்மும், நானும் தும்முவேன்.

சாப்பாடு இரண்டு வேளை. நடந்து வந்து மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் காலைச் சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் இன்னொன்று. வயிற்றில் சோறு இருக்கும்போது ஓட விடவே மாட்டேன். அரிசிக் கஞ்சியில் மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து வைப்பேன். வாரம் இரண்டு நாள் இறைச்சிக் கடையில் ஈரல் வாங்கி அவித்துக் கொடுப்போம். சில நாள் நன்றாக வெந்த கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு ஒரு கை, ஒரு முட்டை. உப்பு, மசாலா கிடையாது. முதல் மூன்று நாள் தட்டை மூக்கால் தள்ளியது. உங்கள் மாமா கண் கலங்கினார். நாலாம் நாள் தட்டை நக்கி நக்கி முற்றத்தின் மறுகோடிக்கே தள்ளிக்கொண்டு போனது.

பஜார் ரோடு சாயாக்கடைச் சேட்டனுக்குத் தினமும் என்னைப் பார்த்தால் நாக்கு அரிக்கும். "சேச்சி, நாயையும் அலக்கி இஸ்திரி போட்டுக் கொடுக்கப் போறீங்களா?"

"முதல்ல நீங்க சாயா வடிக்கிற துணியைக் கொடுங்க சேட்டா. அது இந்த நாயைவிட அழுக்கா இருக்கு."

கடையே சிரித்தது. அடுத்த நாள் வெள்ளைத் துணியில் வடிகட்டினார்.

கொச்சியில் மேடு கிடையாது. கால் உரம் பிடிக்க மேடு வேண்டும். இருந்த ஒரே மேடு தோப்பும்படிப் பாலம். ஐந்தாம் மாதம் அதில் ஏற்றினேன். மெதுவாக ஏறி, உச்சியில் நின்று, காயல் காற்று வாங்கி, மெதுவாக இறங்குவது. வாரம் இரண்டு நாள் போர்ட் கொச்சிக் கடற்கரையில் இளகின மணலில் நடை. எட்டாம் மாதம் என்னோடு சுற்று முழுவதும் வந்தது. தலையில் மூட்டை, பக்கத்தில் நாய், முகத்தில் காற்று. அதைவிட நல்ல காலை எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமா வெளியூர் போயிருந்தார். நீங்கள் கல்லூரி மாணவர், அவர் வீட்டில் தங்கிப் படித்தவர். நாய்க்கு மதியம் தட்டு நிறையப் பிரியாணி போட்டு, கூட்டாளிகளுக்குக் காட்ட ஸ்கூட்டரில் கட்டி, உச்சி வெயிலில் தார் ரோட்டில் இழுத்துப் போனீர்கள். துணி கொடுத்துவிட்டுப் பாலத்தடிக்கு வந்தபோது நான் பார்த்தேன். நாய் பக்கவாட்டில் கிடந்தது. வாயெல்லாம் நுரை, தின்றதெல்லாம் வெளியே. நாலு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது. கூட்டாளிகளைக் காணவில்லை.

நீங்களும் நானும் அதை நிழலுக்கு இழுத்தோம். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றினேன். வாயை நனைத்தேன். ஆள் அனுப்பியதும் என் வீட்டுக்காரர் கைவண்டி கொண்டுவந்து ஏற்றினார். நீங்கள் அழுதீர்கள்.

"சேச்சி, மாமா அறிஞ்சா என்னை வீட்டை விட்டு இறக்கிவிடுவார். சொல்லாதீங்க சேச்சி."

சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் மாமா வந்து பாதத்தைப் பார்த்தார். "வெயில்ல நடத்தினியா? உன்னை நம்பித்தானே கொடுத்தேன்!" என்று என்னைக் கேட்டார். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் திட்டினார்: "ஊரார் பாவத்தையும் வெளுக்க உன்னை யாரு கூப்பிட்டா?"

ஒரு மாதம் என் பழைய சேலையைக் கிழித்துப் பாதத்தில் கட்டு. கட்டுப் போட விட்ட மாமா, நாயை நடத்த மட்டும் என்னை விடவில்லை. புண் ஆறியதும் நாயே கயிற்றை அறுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மாமா, "போ, இவனுக்கு நீ போதும்" என்றார். மறுபடி சந்து முனையிலிருந்து தொடங்கினோம். எண்பதுகளின் நடுவில், பதின்மூன்று வயதை நெருங்கும்வரை அது பாலம் ஏறியது. போதும், நிறைவுதான் எனக்கு.

ஆனால் உங்கள் மாமா உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நான் பொறுத்தேன். இப்போது நாயைக் கொல்ல இருந்த வழியையே பழக்கும் முறை என்று அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். இதைப் பொறுக்க முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் முன்வரிசையில் உட்காருவேன். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள்: அந்த நாயை ஸ்கூட்டருக்குப் பின்னால் எத்தனை நாள் ஓட்டினீர்கள்? ஓட்டின அந்த ஒரு நாளில் அதற்கு என்ன ஆனது?