மூன்றில் யாரும் இல்லை

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் விருந்து நிகழ்ச்சிகளுக்குப் பல வருடங்களாக நான்தான் அறிவிப்பாளர். நான் மைக்கைப் பிடித்தால் யார் மானமும் மிஞ்சாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சென்ற வருடம் மண்டபத்துக்கார அக்கா மேசைக்கு மேசை ஓர் அட்டை வைத்தார். விருந்தாளிகள் அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, சாப்பாட்டுக்கும் எனக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். சராசரி மூன்றுக்குக் கீழே போனால் ஆளை மாற்றிவிடுவாராம்.

முதல் கல்யாணத்தில் எனக்குச் சரியாக மூன்று. கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு நாலரை.

"மூணுன்னா பாஸ்தானே அக்கா?"

"பாஸ்தான் அண்ணே. ஆனா விளிம்புல நிக்கிறீங்க லா."

காரில் போய் உட்கார்ந்ததும் நெஞ்சை அடைத்தது. மாரடைப்பென்று நானே முடிவுகட்டி, பிரிக்பீல்ட்ஸில் வேலையில் இருந்த மனைவியை அழைத்துக் கடைசி வார்த்தைகளை ஆரம்பித்தேன்.

"ஏப்பம் விடுங்க, சரியாயிரும்" என்றாள். விட்டேன். சரியாகிவிட்டது. "மூணா குடுத்தாங்க? நல்ல மனுசங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

ஆக, ஊருக்கே நான் 'பரவாயில்லை' ரகம். மூன்று போட்டவர்களைக் கொஞ்சம் குஷிப்படுத்தினால் நாலாகிவிடும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் அக்காவிடம் போய் அவர்கள் யாரென்று கேட்டேன். அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மூணு ஒருத்தரும் போடலயே அண்ணே."

மாப்பிள்ளை பக்கத்து மேசைகள் முழுக்க ஐந்து. பெண் பக்கத்து மேசைகள் முழுக்க ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்று. அந்த மூன்றில் ஒரு மனிதர்கூட இல்லை.

பெண்ணின் அப்பா டோப்பா வைத்திருந்தார். "காத்தாடியக் கொறைங்க, மாமா முடி பறந்து செமினி டவுனுக்கே போயிரும்" என்று மைக்கில் சொல்லியிருந்தேன். அதன்பின் அவர் மகளை ஒரு கையால்தான் ஆசீர்வதித்தார். மறு கை தலையில் இருந்தது.

"பொண்ணு அழுதுச்சு அண்ணே. அதுவும் ஒண்ணுதான் போட்டிருக்கு."

அடுத்த கல்யாணத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் எழுதி வைத்து வாசித்தேன். "இப்பொழுது கேக் வெட்டப்படும்." பிறகு, "கேக் வெட்டப்பட்டது." இந்த முறையும் மூன்று. மறுநாள் அக்காவின் திரையை நானே தள்ளிப் பார்த்தேன். இரண்டு பக்கமும், எல்லா மேசையும், நிஜமான மூன்று.

அக்கா உள்ளே புகுந்தெல்லாம் பார்க்கவில்லை. "அதே மூணு. ரொம்ப ஸ்டெடி அண்ணே நீங்க. ஆனா கல்யாணத்துக்கு வேணாம், நேத்து பாதிப் பேரு தூங்கிட்டாங்க."

"மூணுக்குக் கீழ போனாத்தானே ஆளை மாத்துவீங்க?"

"ஆளை மாத்தல லா. நிகழ்ச்சியத்தான் மாத்துறேன். வெள்ளிக்கிழமை ஒரு பதினாறாம் நாள் காரியம், சாப்பாடு நம்ம மண்டபத்துலதான். நேத்து வாசிச்ச மாதிரியே வாசிங்க, போதும்."

போனேன். மாலை போட்ட படத்தில் இருந்தவருக்கும் டோப்பா. மேலே காத்தாடி வேறு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்தேன். சராசரி ஐந்தைத் தொட்டது.

இறந்தவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி வீட்டுக்குன்னே பொறந்த குரல் தம்பி உங்களுக்கு."