முப்பது சஹன் கல்யாணம்

கல்யாணச் சமையல்காரனுக்கு மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெரிவதில்லை. ஆறு ஆறாகத்தான் தெரிவார்கள். எங்கள் புத்தளத்துப் பக்கத்தில் விருந்து என்றால் பாய் விரித்து, ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேரை இருத்துவோம். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர். எத்தனை பேர் வருவார்கள் என்று சமைக்கிற எந்தப் பண்டாரியும் கேட்கமாட்டான். எத்தனை சஹன் என்றுதான் கேட்பான். முப்பது வருடத்துக்கு மேலாக நானும் அதையே கேட்டு வருகிறேன். கையில் இருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் கல்யாணத்தை ஒப்பேற்றியவர்களுக்கு, நான் எழுதப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ரவூபை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவருடைய மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. தில்லையடியில் அவர் வீட்டு முற்றத்தில் நான் அடுப்புக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் விறகுக் கட்டைகளை வெயில் படுகிற மாதிரித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை செய்து வெடித்துப்போன கால்கள்; செருப்புப் போட்டால் நோகும் என்று வெறுங்காலோடுதான் நடப்பார். நான் புறப்பட்டபோது வேலிப் படலை வரைக்கும் கூடவே வந்தார். அண்ணனையும் வயதில் மூத்தவர்களையும் எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். "நாளைக்கு மழை வராது நானா. உப்புக்காரன் சொல்றேன், நம்புங்க. வானத்தப் பாத்துத்தானே இவ்வளவு காலமும் சோறு திண்டிரிக்கேன்" என்றார்.

மழை வரவில்லை.

கோழியா, மாடா

இரண்டு மாதத்துக்கு முன்னர் என்னைத் தேடி வந்தபோது ரவூபின் கையில் கொப்பியில் கிழித்த ஒரு தாள் இருந்தது. மாப்பிள்ளை கரைத்தீவுப் பையன், கட்டாரில் வேலை. ஒரு மாத லீவில் வருகிறான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே விருந்து, அதுவும் பெண் வீட்டில் என்று பேசி முடித்திருந்தார்கள். தாளில் நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், பருப்பு, வட்டிலாப்பம் என்று வரிசையாக எழுதியிருந்தார். எழுதும்போது கை தாராளமாக ஓடும். எல்லோருக்கும் அப்படித்தான். பிறகுதான் சந்தை விலை ஞாபகத்துக்கு வரும்.

"கோழி, மாடு ரெண்டுல ஒண்டு. வட்டிலாப்பத்துக்கு முட்டையும் கருப்பட்டியும் விக்கிற விலைக்கு, அதை விட்டுட்டு ஆளுக்கொரு வாழைப்பழம் வைப்போம்" என்றேன். ரவூப் தலையாட்டினார். கூடவே வந்து திரைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, பெயர் சித்தி, தலையாட்டவில்லை. "பழம் வச்சு அனுப்புறதுக்கு இதென்ன பள்ளிக் கந்தூரியா? கோழிய வெட்டுங்க, கத்தரிக்காய வெட்டுங்க. வட்டிலாப்பத்துல மட்டும் கை வைக்காதீங்க."

வாடகை

சாமான் பட்டியல் கொடுக்க நான் அடுத்த முறை போனபோது ரவூப் முற்றத்தில் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சாப்பாடு பாயில் என்றாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் இருக்கக் கதிரை வேண்டும். மண்டபம் எடுக்க வழியில்லை. அதனால் முற்றத்தில் தகரப் பந்தல், வாடகைக் கதிரை. பெண்ணின் சாரியையும் ஒரு நாள் வாடகைக்குத்தான் பேசியிருந்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்போது வசதியுள்ள வீடுகளிலும் அப்படித்தான் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

அவருடைய ஒரே மகள் றிஸானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்: "பந்தலும் வாடகை, கதிரையும் வாடகை, சாரியும் வாடகை. மாப்பிள்ளையாவது சொந்தம்தானே, வாப்பா?"

பத்து சஹன்

கோழியை விட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. ரவூபின் அழைப்புப் பட்டியலில் நாற்பது சஹனுக்கு ஆள் இருந்தது. இறைச்சி முப்பதுக்குத்தான் காணும். பத்து சஹன் என்றால் அறுபது பேர். இந்த இடத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டியல் எழுதுவதைவிடப் பட்டியலை வெட்டுவதுதான் கல்யாண வேலை. என் மனைவி சீனி நோயில் இறந்து ஏழு வருடமாகிறது. அவள் இருந்த காலத்தில் மசாலா அரைத்துக்கொண்டே "ஆள வெட்டாதீங்க, கறியத் தண்ணியாக்குங்க" என்பாள். அவள் போன பிறகு நான் ஆளைத்தான் வெட்டி வந்தேன். கறி தண்ணீராக இருந்தால் பண்டாரியின் பெயர் கெடும். ஆளை வெட்டினால் வீட்டுக்காரரின் பெயர்தான் கெடும்.

உப்பளத்தில் மற்றப் பாத்திகளில் வேலை செய்பவர்கள் போனார்கள். பின் ஒழுங்கைச் சந்து வீடுகள் போயின. எதிர் வீடு போனது. ஒன்பது சஹன் குறைந்து, ஒன்று மிஞ்சி நின்றது. நான் பென்சிலைப் பட்டியலில் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்து ஒரு பெயரில் நிறுத்தினேன். நிஸாம், ரவூபின் கூடப்பிறந்த தம்பி, கற்பிட்டியில் வெங்காயம் செய்கிறவர். புருஷன், பெண்சாதி, நாலு பிள்ளைகள். சரியாக ஆறு பேர். தாய்வீட்டு வளவில் வேலி போட்ட தகராறில் அண்ணனும் தம்பியும் ஐந்து வருடமாகப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். "இது முழுசா ஒரு சஹன், ஒரே வெட்டுல கணக்குச் சரி" என்றேன்.

ரவூப் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. கோடு போட்டுவிட்டேன். கோடு விழுந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்: "அவன் வந்தாலும் திங்கமாட்டான். திங்காதவனுக்கு என்னத்துக்குச் சோறு?"

எதிர் வீடு

கல்யாணத்தன்று விடியற்காலை, சுபஹுக்கே என் இரண்டு ஆட்களோடு போய் அடுப்பை மூட்டினேன். ரவூப் பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். வெளிச்சம் வந்து, இறைச்சி கொதிக்கத் தொடங்கியும் ஆளைக் காணவில்லை. தொழுதுவிட்டு வரும் வழியில், பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் இருந்திருக்கிறார். களைப்பாறுகிறார் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் ஸலாம் சொல்லிக் கடந்து போயிருக்கிறார்கள். பிறகு யாரோ கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தது மையத்துத்தான், துணி மூடிய உடல். மையத்து வீட்டில் அடுப்பு எரிவதில்லை. நான் விறகுகளை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஆண்கள் முற்றத்தில் நின்று பேசினார்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் நாலு நாளில் பயணம். அடுத்த லீவு இரண்டு வருடத்துக்குப் பிறகு. அந்தப் பேச்சு முடியுமுன் சித்தி என்னைத் திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அடுப்ப அணைச்சிட்டீங்களா, நானா?" ஓம் என்றேன். "வேற எங்கயாவது பத்தவைங்க. அவர் இரிக்கிறது எல்லாத்தையும் இதுல போட்டுட்டுத்தான் போயிரிக்கார். இன்னொரு கல்யாணம் எடுக்க எங்களுக்கு ஏலாது."

பாதி வெந்த இறைச்சி இருந்த பெரிய அண்டாவை, கிடாரத்தை, தடியில் கோத்து நாலு பேர் தோளில் தூக்கினோம். பக்கத்தில் கிடாரம் வைக்கிற அளவு முற்றம் இருந்தது எதிர் வீட்டில் மட்டும்தான். நாங்கள் பட்டியலில் வெட்டிய எதிர் வீடு. நான் படலைக்கு வெளியே நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினேன். அந்த வீட்டுப் பெண் வந்து, ஒன்றும் கேட்காமல் படலையை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். கிடாரம் உள்ளே போகும்போதுதான் சொன்னார்: "அழைப்புத்தான் வரல்ல, கிடாரமாவது வந்திச்சே."

பெண்ணைக் கொடுக்கிறவர்

பத்து மணிக்கு மௌலவி வந்தார். மதியத் தொழுகையான ளுஹருக்கு முன் நிக்காஹ், ளுஹருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை, இரண்டும் ஒரே பள்ளியில் என்று முடிவு செய்தார்கள். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: பெண்ணை யார் கொடுப்பது? தகப்பன் இல்லை. தகப்பனுடைய தகப்பன் எப்போதோ போய்விட்டார். கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அடுத்த உரிமை தகப்பனின் தம்பிக்கு. அவர் மறுத்தால் கல்யாண வழக்குகளைப் பார்க்கிற காதியாரிடம் போகவேண்டும். நாலு நாளில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை. நிஸாமுக்கு மையத்துச் செய்திகூட இன்னும் யாரும் சொல்லவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் அங்கே இருந்த எவரிடமும் இல்லை, என்னிடம் இருந்தது. அவர் புது வீடு குடிபோனபோது சமைத்தவன் நான்.

அழைப்பை எடுத்தபோது தோட்டத்தில் தண்ணீர் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "நிஸாம், பண்டாரி பேசுறேன். உங்கட நானா மவுத்தாகிட்டார்" என்றேன். இயந்திரத்தை நிறுத்தினார். "இண்டைக்கு அவர்ட வீட்டுல கல்யாணம் எண்டு கற்பிட்டி வரைக்கும் கதை. கல்யாணத்துக்குச் சொல்லாம மையத்துக்கு மட்டும் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான் சொல்றேன். புள்ளையக் கொடுக்க உங்கள விட்டா ஆள் இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "உங்கட பேர வெட்டினது உங்கட நானா இல்ல, நான்தான். ஒரு சஹன் குறையட்டும் எண்டு வெட்டினேன்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல், இதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்: "உங்களுக்கு வெட்டத்தான் தெரியும். அவருக்குத் திருப்பி எழுதத் தெரியாமப் போச்சா?"

எட்டுப் பேர்

வருவார் வருவார் என்று பாதையைப் பார்த்தபடியே சோற்றைத் தம்மில் போட்டேன். கற்பிட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பாதை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னர் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. நிஸாம், பெண்சாதி, நாலு பிள்ளைகள், ஆறு பேரும் இறங்கினார்கள். அவருடைய சாரத்தில் வெங்காயப் பாத்திச் சேறு காயாமல் இருந்தது. நேரே உள்ளே போய் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து, யாரிடமோ ஒரு சாரம் வாங்கி மாற்றிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் நானாவின் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று மௌலவி சொல்லச் சொல்லச் சொன்னார். நானாவின் மகள் என்ற இடத்தில் மட்டும் மௌலவி இரண்டு தரம் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதே ஆட்கள் அதே பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்கு வரிசையாக நின்றார்கள். மையத்தைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனை மாப்பிள்ளையின் தோளில் இருந்தது.

மையவாடியில் அடக்கம் முடிந்து திரும்பி வந்த கூட்டத்தைப் பார்த்ததும் நான் சஹன்களை மறுபடி எண்ணினேன். கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், மையத்துக்கு வேண்டாம். நான் வெட்டிய பின் ஒழுங்கைக்காரர், மற்றப் பாத்திக்காரர், எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்ததைக் கண்டதும் அவர்கள் ஒதுங்கி, போய்வருகிறோம் என்று மெல்லத் திரும்பினார்கள். நிஸாம் ஓடிப்போய்ப் படலையை மறித்து நின்று, ஒவ்வொருவரின் கையையும் பிடித்து உள்ளே திருப்பிவிட்டார். நான் பக்கத்தில் போய், இருப்பது முப்பது சஹன்தான் என்று காதில் சொன்னேன். "எட்டுப் பேரா இருத்துங்க, நானா. இண்டைக்கு ஒருத்தரும் வயிறு நிறையத் திங்க வரல்ல."

எட்டு எட்டாக இருத்தினேன். கிடாரத்தைத் தூக்கி இறக்கியதில் இறைச்சி கரைந்துபோயிருந்தது. என் கவனம் பாதையில் இருந்ததில் சோறும் குழைந்துவிட்டது. முப்பது வருடத்தில் ஒருவரும் குறை சொல்லாத ஒரே விருந்து அதுதான். நிஸாம் கடைசிச் சஹனில் எட்டாவது ஆளாக இருந்தார். அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் போனதா என்று நான் பார்க்கவில்லை. நான் வெட்டிய அறுபது பேரும் வந்து சாப்பிட்டுப் போன பிறகு கிடாரத்தில் சோறு மிஞ்சியிருந்தது, இரண்டு சஹன்.