குடில் பெட்டியில் இருபது நாள்

டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு. ஆறு மணிக்குப் பால், ஆறரைக்குக் குளியல், ஏழேகாலுக்கு இரட்டை ஜடை என எல்லாம் வழக்கம்போல நடந்தன. மாலை நாலேமுக்காலுக்குப் பள்ளியிலிருந்து திரும்பியபோது, எங்கள் விவேக் நகர் வீட்டின் பின்வாசலில் அம்மா முறத்தால் முகத்தை மறைத்தபடி நின்றிருந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள் இருந்த மரப்பெட்டியில் தேனீக்கள் குடியேறியிருந்தன. கீழே சூசையப்பரும் மூன்று ராஜாக்களும். மேலே, மூடியிலிருந்து தொங்கும் அடைகள்.

"நெருப்பு வச்சுடறேன்" என்றாள் அம்மா. நான் அழுதேன்.

அம்மாவின் தம்பி, செடி நர்சரியில் வேலை செய்தவர், லேசாகப் புகை காட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்வல்பம் பொறுத்துக்கக்கா. உள்ள குஞ்சுங்க இருக்கு. முட்டை மூணு நாளு, புழு அஞ்சு நாளு, அப்புறம் மெழுகு மூடிக்குள்ள பன்னெண்டு நாளு. இருபதாம் நாளு றெக்கையோட வந்துடும்."

"அப்ப குடிலு?"

"இருவத்தி நாலாந்தேதி கட்டிக்கோ."

"அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது, சொல்லிட்டேன்."

நான் காலண்டரில் குறித்துவந்தேன். முட்டைக்கு மூன்று புள்ளி, புழுவுக்கு ஐந்து வளைவு, மூடிய அறைக்குப் பன்னிரண்டு கட்டம். ஒருநாளும் தவறவில்லை.

இருபத்துநாலாம் தேதி மாலை அம்மா நெருப்பு மூட்டத் தேங்காய் மட்டையோடு வந்து நின்றாள். மாமா மூடியைத் தூக்கினார். சாம்பல் நிற மயிரோடு இளம் தேனீக்கள் தள்ளாடி நடந்தன. அவை விட்டுப்போன அறைகளில் நூல் துணுக்குபோல ஏதோ வெள்ளையாக நின்றது.

"இது என்னடா?"

"முட்டை. ராணி தினமும் போடுமில்ல."

"அப்ப இது என்னைக்குத்தாண்டா முடியும்?"

மாமா ஆகாயத்தைப் பார்த்தார்.

"திருட்டுப்பயலே" என்று சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மட்டையைக் கீழே போட்டாள். கணக்கில் பிழையில்லை என்று காட்டக் காலண்டரை நீட்டினேன். இருவரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் சப்பாத்தி மாவில் குடில் பொம்மைகள் செய்தோம். குழந்தை இயேசு என் கைவேலை. மூக்கு சற்றுப் பெரிது.

மறுநாள் காலை, புதுச்சட்டை போடுவதற்கும் முன்னால், அம்மா பென்சிலை என் கையில் கொடுத்தாள்.

"மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பி."

ஜனவரி பதின்மூன்றாம் தேதி எல்லாம் முடிந்துவிடும் என்ற உறுதியோடு, முதல் புள்ளியை வைத்தேன்.